எரிவாயு இறக்குமதி முனையம் வரப்போகிறதா? உங்கள் கேள்வியைக் கோப்பில் ஏற்றுவது எப்படி

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்கள் ஒரு நல்ல பேச்சைத் தயாரித்துக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். குரல் நடுங்காமல் பேசி முடித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. சில வாரம் கழித்து வந்த கூட்டக் குறிப்பில் என் பேச்சு ஒரே வரியாகச் சுருங்கிக் கிடந்தது: ‘ஒருவர் திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார்.’ எனக்கு அடுத்துப் பேசிய முதியவர் கைதட்டல் எதுவும் வாங்கவில்லை. அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லி, கடல்நீரின் வெப்பநிலையை எந்தெந்த மாதங்களில் அளந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய கேள்வி குறிப்பில் முழுதாக இருந்தது, கீழே நிறுவனத்தின் பதிலும் இருந்தது. அந்தப் பதில் சொதப்பலாக இருந்தது என்பது வேறு கதை.

அவரைப் போலக் கேட்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். திட்டம் வேண்டாம் என்பவருக்கும், வரட்டும் ஆனால் இந்த நிபந்தனைகளோடு வரட்டும் என்பவருக்கும், வேலைவாய்ப்புக்காக ஆதரிப்பவருக்கும் வழி ஒன்றுதான். ஒழுங்குமுறை அமைப்பு ஓட்டு எண்ணுவதில்லை. தன் முன்னால் இருக்கும் கோப்பைப் பார்த்து முடிவெடுக்கிறது. அதில் இல்லாதது அதற்குத் தெரியாது. நாளைக்கு நீதிமன்றத்துக்கும் தெரியாது.

வரப்போவது என்ன?

இயற்கை எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் திரவமாகிவிடும். கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் ஏற்றி அனுப்புவதற்காகத்தான் இந்த வேலை எல்லாம். இறக்குமதி முனையம் என்பது அந்தத் திரவத்தை (எல்.என்.ஜி. என்பது இதைத்தான்) இறக்கி, தொட்டியில் வைத்து, சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடும் இடம். ஜெட்டி (கப்பல் வந்து அணையும் மேடை), இறக்கும் குழாய்க் கைகள், தொட்டிகள், ஆவியாக்கிகள், வெளியே போகும் குழாய்வழி என்று ஐந்து உறுப்புகள். விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் இந்த ஐந்தும் எங்கெங்கே வருகின்றன என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கரையில் பெரிய தொட்டிகள் கட்டுவது. மற்றது மிதக்கும் முனையம்: தொட்டியும் ஆவியாக்கியும் ஒரு கப்பலிலேயே இருக்கும், அதை ஜெட்டியில் நிரந்தரமாகக் கட்டிவைப்பார்கள். மிதக்கும் முனையத்தை விரைவாகக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். 2022இல் ரஷ்யக் குழாய் எரிவாயு குறைந்ததும் ஜெர்மனி இந்த வழியைத்தான் பிடித்தது. அதற்கென்றே ஒரு துரிதச் சட்டம் கொண்டுவந்து, மக்கள் ஆட்சேபம் சொல்வதற்கான கால அவகாசத்தையும் வெகுவாகக் குறைத்தது. அந்த டிசம்பரிலேயே வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் முதல் மிதக்கும் முனையம் திறக்கப்பட்டது. மிதக்கும் முனையம் என்ற சொல் காதில் விழுந்தால் நாள்காட்டியை உடனே எடுங்கள். யோசிக்க அதிக நேரம் தரமாட்டார்கள்.

கதவுகளை எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. பத்திரிகையில் பெயர் அடிபடும் ஓர் அமைப்பின் வாசலிலேயே எல்லோரும் போய் நிற்பார்கள். ஒரு முனையத்துக்கு ஒரே ஓர் அனுமதி போதும் என்பது எங்குமே கிடையாது. எரிசக்தி அமைப்பின் அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி, கடலோரப் பயன்பாட்டு அனுமதி, கடலடி நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, கழிவுநீர் வெளியேற்றம், காற்று மாசு, கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்பு, குழாய்வழிக்கான நில உரிமை, உள்ளாட்சித் திட்ட அனுமதி என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அலுவலகம், தனிக் கெடு.

பெரிய கதவு திறந்துவிட்ட பிறகு சின்னக் கதவில் திட்டம் மாட்டிக்கொண்ட கதைகள் நிறைய. அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரில் வர இருந்த வீவர்ஸ் கோவ் முனையத்துக்கு, கூட்டரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கப்பல் ஆற்றில் மேலேறி வர வேண்டும். வழியில் பிரைட்மன் தெருப் பாலம் என்று ஒரு பழைய தூக்குப்பாலம், அதன் திறப்பு சுமார் 30 மீட்டர்தான். புதுப் பாலம் கட்டியதும் பழையதை இடித்துவிடுவார்கள் என்ற கணக்கில் திட்டம் போட்டிருந்தார்கள். அதே ஆண்டு வந்த நெடுஞ்சாலை நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு நுழைந்தது: பழைய பாலத்தை இடிக்கக் கூட்டரசுப் பணம் தரக்கூடாது. பாலம் அப்படியே நின்றது. சின்னக் கப்பல்களைக் கொண்டுவருகிறோம் என்றார்கள். 2007இல் கடலோரக் காவல்படை அந்த நீர்வழியே இதற்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டது. 2011இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் நீரிணையில் மிதக்கும் முனையமாக வர இருந்த பிராட்வாட்டர் திட்டத்துக்கும் அதே ஆணையம் 2008 மார்ச்சில் அனுமதி தந்தது. அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம், தன் கடலோர மேலாண்மைத் திட்டத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று மறுத்தது. நிறுவனம் மத்திய வணிகத் துறையிடம் முறையிட்டுப் பார்த்தது. 2009இல் அந்தத் துறையும் மாநிலத்தின் பக்கமே நின்றது. கலிபோர்னியாவில் காப்ரியோ போர்ட் திட்டத்துக்கு 2007 ஏப்ரலில் முதல் மறுப்பு வந்தது எரிசக்தி அமைப்பிடமிருந்து அல்ல, கடலடி நிலத்தைக் குத்தகைக்குத் தரும் மாநில ஆணையத்திடமிருந்து.

ஆகவே, ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: எந்த அனுமதி, எந்த அலுவலகம், எந்தச் சட்டப் பிரிவு, கடைசித் தேதி. முழுதாக நிரம்ப இரண்டு வாரம்கூட ஆகலாம். நிரம்பாத கட்டத்தை அப்படியே கேள்வியாக்கி அலுவலகத்துக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிட எழுதிக் கேட்பது மேல், பதிலும் எழுத்தில் வரும். எந்த அலுவலகம் எதைப் பார்க்கக் கடமைப்பட்டது என்பதும் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். நீர் வெளியேற்ற அனுமதி தரும் அதிகாரியிடம் நிலத்தின் விலை விழும் என்று வாதாடிப் பயனில்லை. அவர் தலையாட்டுவார், எழுதமாட்டார்.

பெயரைப் பதிவு செய்யுங்கள்

‘கருத்துச் சொன்னவர்’ வேறு, ‘தரப்பினர்’ வேறு. பல நாடுகளில் இந்த வித்தியாசம் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். அமெரிக்க எரிசக்தி ஆணையத்தின் முன் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். ஆனால் உத்தரவு வந்த பிறகு அதை எதிர்த்து மறுவிசாரணை கேட்கவும், அதன்பின் நீதிமன்றம் போகவும், முறைப்படி இடையீட்டு மனுப் போட்டுத் தரப்பினராக இருந்திருக்க வேண்டும். மறுவிசாரணை மனுவுக்கு 30 நாள்தான். அந்த மனுவில் எழுப்பாத வாதத்தை நீதிமன்றத்திலும் எழுப்ப முடியாது.

அயர்லாந்தில் திட்டமிடல் ஆணையத்துக்குக் (2025 வரை திட்டமிடல் வாரியம்) கருத்து அனுப்ப 50 யூரோ கட்டணம் உண்டு. ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது அங்கே சடங்கு மாதிரி. இந்தியாவில் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கூட்டத்தில் அப்படித் தனியாகத் தரப்பினராகத் தேவையில்லை. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், கூட்டத்தைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்லோரும் புறக்கணித்துவிட்டால் கூட்டம் நடக்காது என்று நினைப்பவர்கள் இதைப் படித்திருக்கமாட்டார்கள்.

உங்கள் இடத்தில் விதி எதுவாயினும் கேட்க வேண்டியவை மூன்று. யார் தரப்பினராகலாம்? எப்போதைக்குள்? ஒவ்வொரு புதிய ஆவணமும் எனக்கு வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

அறிக்கையைப் படிக்கும் வரிசை

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆயிரம் பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டும். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்னுரையும் சுருக்கமும் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். அதைப் படித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். திட்ட விவரணை அத்தியாயத்தை முதலில் படியுங்கள், அதில் எண்கள் இருக்கும். பிறகு மாற்று இடங்கள் பற்றிய அத்தியாயம். பிறகு நேராகப் பின்னிணைப்புகள். அளவீடுகள், மாதிரிக் கணக்கீடுகள், யார் எந்தத் தேதியில் எடுத்த தரவு என்பதெல்லாம் அங்கேதான் தூங்கும். கடைசியாகச் சுருக்கத்துக்கு வந்து, பின்னிணைப்பில் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத ஒவ்வோர் இடமும் ஒரு கேள்வி.

ஆயிரம் பக்கத்தையும் ஒருவரே படிக்க வேண்டியதில்லை. நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிப்பவருக்குக் கடல் அத்தியாயம், பள்ளி ஆசிரியருக்கு இரைச்சலும் போக்குவரத்தும், கணக்கு வருபவருக்குத் தேவை மதிப்பீடு. ஆலோசகர் நிறுவனம் மூன்று நாள் எடுத்த அளவீட்டைவிட, அந்தக் கடலில் முப்பது வருஷம் வலை போட்டவருக்குத் தெரிந்தது அதிகம். ஆனால் அதை நாளும் இடமும் போட்டு எழுதினால்தான் அதுவும் தரவாகும்.

இந்த வகைத் திட்டத்தில் நான் எப்போதும் தேடும் நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நீர். திரவத்தைச் சூடாக்க மலிவான வழி கடல்நீர். ஆவியாக்கித் தகடுகளின் மேல் மணிக்குப் பல ஆயிரம் கனமீட்டர் கடல்நீரை ஓடவிட்டு, பல டிகிரி குளிர்ந்துபோன நீரைத் திரும்பக் கடலில் விடுவார்கள். அனல்மின் நிலையம் சுடுநீர் விடும், இது குளிர்நீர் விடும். குழாயில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கக் குளோரின் சேர்ப்பதால் அதுவும் நீரோடு போகும். உறிஞ்சும் வாயில் மீன்முட்டையும் குஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடும். கேட்க வேண்டியவை: உறிஞ்சும் வேகம் எவ்வளவு, வாயில் வலைக்கண் எவ்வளவு, முட்டையிடும் பருவத்தில் அளவு குறையுமா, குளிர்நீர் எவ்வளவு தூரம் பரவும் என்ற மாதிரிக் கணக்கு எந்தப் பருவத் தரவை வைத்துப் போட்டது? எரிவாயுவில் ஒரு பகுதியை எரித்தே சூடாக்கும் வேறு முறையும் உண்டு, அதில் புகை கூடும். எதைத் தேர்ந்தார்கள், ஏன் என்ற விளக்கம் அறிக்கையில் இருந்தாக வேண்டும்.

நீர் சாதாரண விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிரிப் பாயின்ட் என்ற இடத்தில் மிதக்கும் முனையம் கொண்டுவர முயன்றார்கள். அந்த வெஸ்டர்ன் போர்ட் விரிகுடா ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள ஈரநிலம். ஆயிரக்கணக்கான கருத்துகள் எழுத்தில் போயின, பல வாரம் விசாரணை நடந்தது. 2021 மார்ச்சில் அந்த மாநிலத் திட்டமிடல் அமைச்சர், விரிகுடாவின் சூழலுக்கு ஏற்கமுடியாத பாதிப்பு வரும் என்று முடிவு சொன்னார். அத்தோடு திட்டம் நின்றது.

இரண்டாவது விபத்து அபாயம். இங்கே இரு பக்கமும் மிகைப்படுத்துவதைப் பார்க்கலாம். எல்.என்.ஜி. கப்பல் ஒரு மிதக்கும் அணுகுண்டு என்று ஒருவர் சொல்வார்; இது தண்ணீர் மாதிரி, தீக்குச்சியை அமிழ்த்தினால் அணைந்துவிடும் என்று நிறுவனத்தின் விளக்கக்காரர் சொல்வார். இரண்டையும் ஒதுக்குங்கள். திரவம் அப்படியே எரியாது என்பது சரி. சிந்தினால் ஆவியாகும். ஆவி முதலில் குளிர்ந்து, காற்றைவிடக் கனமாக, தரையை ஒட்டி வெண்புகையாக நகரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும் இடத்தில் பொறி கிடைத்தால் தீப்பிடித்துத் திரும்பி ஓடிவந்து சிந்தித் தேங்கிய திரவத்தை எரிக்கும். மணமூட்டி சேர்க்காத வாயு என்பதால் கசிவு மூக்குக்குத் தெரியாது.

1944 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு சேமிப்புத் தொட்டி உடைந்து சுமார் 130 பேர் இறந்தார்கள். தொட்டியின் எஃகு அந்தக் குளிருக்கு நொறுங்கும் தன்மை கொண்டது, சிந்தியதைத் தடுத்துவைக்கச் சரியான கரையும் இல்லை. இன்றைய தொட்டிகளில் 9 சதவீத நிக்கல் எஃகும், வெளியே கான்கிரீட் சுவரும் அந்தப் பாடத்தின் வழி வந்தவை. 1979இல் மேரிலாந்தின் கோவ் பாயின்ட் இறக்குமதி முனையத்தில் நடந்தது வேறு மாதிரி: ஒரு பம்பின் மின்கம்பி அடைப்பு வழியாகக் கசிந்த வாயு, கம்பிக் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து மின் அறைக்குப் போய் வெடித்தது. ஒருவர் இறந்தார். அதிலிருந்தும் விதிகள் மாறின. பெரிய தொட்டியைவிடச் சின்ன அடைப்பைப் பற்றிக் கேட்பது சில சமயம் புத்திசாலித்தனம்.

அறிக்கையில் இரண்டு வட்டங்களைத் தேடுங்கள். ஒன்று வெப்பக் கதிர்வீச்சு வட்டம் (தீயின் வெப்பம் எட்டும் எல்லை), மற்றது ஆவிமேக வட்டம் (தீப்பிடிக்கக்கூடிய ஆவி பரவும் எல்லை). சதுர மீட்டருக்கு 5 கிலோவாட் என்ற எல்லையைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். வெறும் தோலை அரை நிமிடத்தில் கொப்புளிக்க வைக்கும் வெப்பம் அது. கப்பலில் வேண்டுமென்றே துளை போடப்பட்டால் என்ன ஆகும் என்று 2004இல் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் கணக்குப் போட்டது: ஏறத்தாழ 500 மீட்டருக்குள் கடும் பாதிப்பு, சுமார் 1,600 மீட்டர் வரை மிதமான பாதிப்பு, அதற்கும் அப்பால் குறைந்த பாதிப்பு. உங்கள் வரைபடத்தில் வட்டங்களை ஜெட்டியிலிருந்து மட்டுமல்ல, கப்பல் வரும் வழி நெடுகப் போடுங்கள். அதற்குள் பள்ளி, மருத்துவமனை, ஒரே ஒரு வெளியேறும் சாலை, படகு கட்டும் இடம் ஏதாவது வருகிறதா? காற்றின் வேகம் எவ்வளவு என்று வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள்? மெல்லிய காற்றில்தான் மேகம் தூரம் போகும்.

‘பாதுகாப்புக் காரணங்களால் வெளியிட முடியாது’ என்று சில பக்கங்களைக் கறுப்படித்திருப்பார்கள். அது எல்லா நேரமும் சாக்கு அல்ல, எல்லா நேரமும் நியாயமும் அல்ல. ரகசிய உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு முறை இருக்கிறது. இல்லையென்றால், முழுக் கணக்கு வேண்டாம், வட்டத்தின் அளவையும் அனுமானங்களையும் மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாம்.

மூன்றாவது கப்பல். இன்று ஓடும் வழக்கமான எல்.என்.ஜி. கப்பல் 1,74,000 கனமீட்டர் கொள்ளும், நீளம் 300 மீட்டரை நெருங்கும். அது வரும்போதும் போகும்போதும் சுற்றிலும் நகரும் தடை வளையம் போடுவார்கள். ஆண்டுக்கு எத்தனை கப்பல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிநேரம் மற்ற படகுகள் விலகி நிற்க வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். மீன்பிடிக்கும் நாள் எத்தனை போகும் என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும். அறிக்கை பெரும்பாலும் அந்தப் பெருக்கலைச் செய்திருக்காது. கால்வாயை ஆழப்படுத்தினால் தோண்டிய சேறு எங்கே போகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

நான்காவது தேவை. எரிவாயு வேண்டும்தானே என்று யாரும் கேள்வி கேட்காமல் தாண்டிவிடுகிற அத்தியாயம் இது. 2000களில் அமெரிக்காவில் எரிவாயுத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று நம்பி வரிசையாக இறக்குமதி முனையங்களுக்கு விண்ணப்பித்தார்கள். லூசியானாவில் சபைன் பாஸ் முனையம் 2008இல் இறக்குமதிக்காகத் திறந்தது. அதற்குள் பாறையிடுக்கு எரிவாயு பெருகிவிட, 2016இல் அதே இடத்திலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. ஓரிகனில் ஜோர்டன் கோவ் முனையத்துக்கு 2009 டிசம்பரில் கிடைத்த இறக்குமதி அனுமதி, நிறுவனம் ஏற்றுமதிக்குத் திரும்பிவிட்டதால் 2012இல் ரத்தானது. அனுமதி கேட்டபோது இரண்டு திட்டங்களின் தேவை அத்தியாயமும் உறுதியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். எனவே தேவை குறைந்தால் என்ன கணக்கு, இருக்கிற முனையங்களில் எத்தனை சதவீதம் இப்போது பயன்படுகிறது, நாளை இதை ஏற்றுமதிக்கு மாற்றினால் புதிய ஆய்வு நடக்குமா என்று கேளுங்கள். மீத்தேன் கசிவையும் இங்கேயே சேர்க்கலாம். அதன் வெப்பமூட்டும் வலிமையை 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 30 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். அறிக்கை எந்தக் கணக்கைப் பிடித்திருக்கிறது, ஏன்?

கடிதம் எழுதுவது

ஒரு கருத்துக்கு ஒரு பத்தி. பத்தியில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எந்தப் பக்கம், அங்கே என்ன சொல்லியிருக்கிறது, அதில் என்ன குறை, நீங்கள் என்ன கேட்கிறீர்கள்.

‘இந்தத் திட்டம் கடலை அழித்துவிடும், மீனவர் வாழ்வாதாரம் போய்விடும்’ என்று எழுதினால் ‘கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற முத்திரைப் பதில் வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்றாம் அத்தியாயம், 3.4 பிரிவில், மீன்வளத்துக்குக் குறைந்த பாதிப்பே வரும் என்று உள்ளது. பின்னிணைப்பின்படி மாதிரிகள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மட்டுமே எடுக்கப்பட்டுள்ளன. இப்பகுதியில் இறால் குஞ்சு சேரும் பருவம் அது அல்ல. நான்கு பருவங்களிலும் மாதிரி எடுத்து மதிப்பீட்டைத் திருத்த வேண்டும். அதுவரை நீர் வெளியேற்ற அனுமதி வழங்கக்கூடாது. மாற்றாக, குஞ்சு பருவத்தில் கடல்நீர் உறிஞ்சுவதைக் குறைக்க நிபந்தனை விதிக்க வேண்டும்.’ (எண்களும் பருவமும் உதாரணத்துக்காகச் சொன்னவை, உங்கள் அறிக்கையில் இருப்பதைப் போடுங்கள்.) இதற்கு ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் எழுதினால், எழுதிய அதிகாரிக்கே பின்னால் தலைவலி.

கடைசியில் சேர்த்த ‘மாற்றாக’ என்ற சொல்லைப் பலர் தவிர்க்கிறார்கள். நிபந்தனை கேட்டால் திட்டத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம். ‘என் முதன்மை ஆட்சேபத்துக்குப் பாதகமின்றி’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பயம் தேவையில்லை.

ஒரே வாசகத்தை அச்சடித்து ஐயாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவதில் தவறில்லை. அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் அதைப் பார்ப்பார்கள். ஆனால் மதிப்பீட்டுக் குழு அதை ஒரே கருத்தாகத்தான் வகைப்படுத்தும். அந்த ஐயாயிரத்துடன் வேறுவேறு விஷயத்தில் பத்து தனிக் கடிதங்களும் போகட்டும்.

உங்களுக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். அருகிலுள்ள கல்லூரியில் கடலியலோ வேதிப்பொறியியலோ கற்பிப்பவரிடம் இரண்டு பக்கம் எழுதித் தரக் கேட்கலாம். படங்கள் இணைத்தால் எடுத்த தேதியும் இடமும் பின்னால் எழுதுங்கள். அனுப்பியதற்குச் சான்று வாங்குங்கள். கெடு நாளின் மாலைவரை காத்திருக்க வேண்டாம், அன்றுதான் அலுவலகத்தின் கணினி படுத்துக்கொள்ளும்.

கூட்டத்தில்

பேச மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. பெயரைப் பதிவு செய்ய முன்கூட்டியே போங்கள். கடிதத்தில் இருக்கும் எல்லாவற்றையும் வாசிக்க முயலாமல், ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டு ‘மற்றவற்றை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இதைக் குறிப்பில் சேர்க்கவும்’ என்று முடியுங்கள். அந்த வரி முக்கியம். நிறுவனத்தின் ஆள் மேடையில் வாய்மொழியாக ஏதாவது வாக்குறுதி கொடுத்தால், தலைமை தாங்குபவரைப் பார்த்து, ‘இது நிபந்தனையாக எழுதப்படுமா?’ என்று கேளுங்கள். பேருந்தில் வந்து இறங்கும் கூட்டமும் சத்தமும் சில இடங்களில் இருக்கும். அப்போதும் நீங்கள் பேச வேண்டியது பதிவுக்கருவியிடம்தான். குறிப்புகளை முடிவில் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், இந்திய விதியில் அப்படி இருக்கிறது, கடைசிவரை உட்கார்ந்திருங்கள். பாதிப் பேர் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். உங்கள் கேள்வி திரிந்து எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டியது அந்த நிமிடத்தில்தான்.

கூட்டம் முடிந்த பிறகு

உண்மையான வேலை இங்கே பாதி இருக்கிறது, ஆனால் ஆள் குறைவு. இறுதி அறிக்கை வந்ததும் உங்கள் ஒவ்வொரு கருத்துக்கும் என்ன பதில் என்று எண் போட்டுத் தேடுங்கள். பதில் இல்லாதவற்றைத் தனிப் பட்டியலாக்கி உடனே எழுதி அனுப்புங்கள். நாளை மேல்முறையீட்டில் முதல் இணைப்பு அந்தக் கடிதம்தான்.

மேல்முறையீட்டுக் கெடு நாம் நினைப்பதைவிடக் குறுகியது. இந்தியாவில் சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதற்கு மேல் இல்லை. அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒருவர் செய்தித்தாளையும் அரசின் இணையதளத்தையும் தினமும் பார்க்க வேண்டும். அந்த ஆளை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முடிவு ஒருமுறை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. அயர்லாந்தின் ஷானன் எல்.என்.ஜி. திட்டத்தைப் பாருங்கள். பழைய அனுமதியின் காலத்தை நீட்டித்தது செல்லாது என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2020இல் அனுமதி ரத்தானது. நிறுவனம் புது விண்ணப்பம் கொடுத்தது. 2023இல் திட்டமிடல் வாரியம் மறுத்தது. 2024இல் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பே சட்டப்படி தவறு என்றது. 

அனுமதி நிலைத்து முனையம் கட்டப்பட்டால், அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வெளியேறும் நீரின் வெப்பநிலையும் குளோரின் அளவும் மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று இருந்தால், முதல் மாத எண் வந்ததா என்று எழுதிக் கேளுங்கள். அவசரகால ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்தால், தேதி கேளுங்கள். ஒத்திகை நாளன்று ஊரைவிட்டு வெளியேறும் சாலையின் முனையில் கடிகாரத்தோடு நின்று, கடைசி வண்டி வெளியே வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து, மறுநாளே அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.